உள்ளறைத் தோட்டத்தில் கரியமில வாயு: எவ்வளவு, எப்போது, எப்படி

நான்கு பக்கமும் மூடிய ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம், உள்ளே 21.6 கனமீட்டர் காற்று. 4 சதுர மீட்டர் பரப்பில் தக்காளியோ குடைமிளகாயோ அடர்ந்து நிற்கிறது, மேலே எல்இடி விளக்கு பளிச்சென்று எரிகிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 420. அந்த அளவில் இந்த அறை முழுவதிலும் இருக்கும் கரியமில வாயு 17 கிராம்கூட இல்லை. நல்ல வெளிச்சத்தில் ஒரு சதுர மீட்டர் பசுமை மணிக்கு ஏறக்குறைய 2.4 கிராம் உறிஞ்சும். 4 சதுர மீட்டருக்கு 9.5 கிராம். அறை காற்றுப் புகாமல் இருந்தால், விளக்கு போட்ட ஒரு மணி நேரத்தில் பாதி வாயு தீர்ந்துவிடும். 200 பிபிஎம்முக்குக் கீழே வளர்ச்சி படுத்துவிடும். 50, 60 பிபிஎம் அளவில் பெரும்பாலான செடிகளுக்கு வரவும் செலவும் சரியாகி, நிகர வளர்ச்சியே நின்றுபோகும்.

"உரம் சரி, தண்ணீர் சரி, விளக்கும் சரி, ஆனாலும் செடி மந்தமாக இருக்கிறது" என்ற புகாரில் கணிசமான பங்கு இதுதான். இதற்கு மருந்து கரியமில வாயு சிலிண்டர் அல்ல. ஜன்னலும் மின்விசிறியும் போதும். கரியமில வாயுவைச் சாதாரண அளவுக்கு மேல் ஏற்றுவது, மற்ற எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திய பிறகு செய்ய வேண்டிய கடைசி வேலை. அந்த வரிசையிலேயே இங்கே பார்ப்போம்.

முதல் வேலை: காற்றோட்டம்

மேலே சொன்ன செடிகள் மணிக்கு 5 லிட்டரைச் சற்றே தாண்டிய அளவு கரியமில வாயு உண்கின்றன. உள்ளே அளவு வெளியைவிட 40 பிபிஎம்முக்கு மேல் குறையாமல் இருக்க வேண்டுமானால், மணிக்கு சுமார் 130 கனமீட்டர் புதுக்காற்று வர வேண்டும். மணிக்கு ஆறு முறை அறைக்காற்று முழுவதும் மாறுகிறது என்று அர்த்தம். இது செடியின் உணவுக்கு மட்டும் தேவையான காற்று. வெயில் காலத்தில் விளக்கின் சூட்டை வெளியேற்ற இதைவிடப் பல மடங்கு வேண்டும். அப்போது கரியமில வாயுவைப் பற்றித் தனியாகக் கவலைப்படவே வேண்டியதில்லை.

மின்விசிறி வாங்கும்போது பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பிவிடக் கூடாது. அது குழாயும் ஃபில்டரும் இல்லாமல் அளந்த அளவு. கார்பன் ஃபில்டரும் இரண்டு வளைவுள்ள குழாயும் மாட்டினால் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். காற்று வெளியேறும் துளையை மேலேயும், உள்ளே வரும் துளையை எதிர்மூலையில் கீழேயும் வையுங்கள். இரண்டும் அருகருகே இருந்தால் வந்த காற்று செடியைத் தொடாமலே போய்விடும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கரியமில வாயு வெளிவிடுகிறார். நம் 4 சதுர மீட்டர் பசுமை உண்பதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆட்கள் புழங்கும் மூடிய அறைகளில் 800 முதல் 1,200 பிபிஎம் வரை இருப்பது சகஜம். தோட்ட அறைக்கோ, செடி வளர்க்கும் துணிக் கூடாரத்துக்கோ உள்வரும் காற்றை வெளியிலிருந்து எடுக்காமல் ஆட்கள் இருக்கும் அறையிலிருந்து எடுத்தால், காசு செலவில்லாமல் கூடுதல் வாயு கிடைத்துவிடும். அலமாரியில் கீரை வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

அறைக்குள் ஒரு சுழல் விசிறியும் ஓட வேண்டும். இலையை ஒட்டி அசையாத காற்றுப் படலம் ஒன்று இருக்கும். அதில் வாயு தீர்ந்துபோனால், அறையில் எவ்வளவு இருந்தும் இலைக்கு எட்டாது. இலைகள் மெல்ல அசைந்துகொண்டிருக்கும் அளவு, விநாடிக்கு அரை மீட்டர் வேகம், போதும். இலை படபடவென்று அடித்துக்கொண்டால் அதிகம்.

வாயுவை ஏற்றுவது யாருக்குப் பலன் தரும்?

ஒளிச்சேர்க்கையில் வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதிக்கு ஒரு கெட்ட பழக்கம்: கரியமில வாயுவுக்குப் பதிலாக அவ்வப்போது ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அப்படிப் பிடித்தால் ஏற்கெனவே சேர்த்ததில் ஒரு பகுதி வீணாகும். வெப்பம் ஏற ஏற இந்தத் தவறு கூடும். சுற்றிலும் கரியமில வாயுவை 1,000 பிபிஎம் அளவுக்கு ஏற்றினால் தவறு குறைகிறது. நல்ல ஒளியில் தக்காளி, வெள்ளரி, மிளகாய், லெட்டூஸ் போன்றவற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கூடுதல் வளர்ச்சி எதிர்பார்க்கலாம்.

மக்காச்சோளம், கரும்பு, தண்டுக்கீரை இனத்துச் செடிகள் கரியமில வாயுவை இலைக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்ளும் உள்ளமைப்பு கொண்டவை. இவற்றுக்கு வாயு ஏற்றிப் பெரிய பயன் இல்லை. கள்ளி போன்ற சதைப்பற்றுள்ள செடிகள் இரவில்தான் இலைத்துளையைத் திறக்கும். பகலில் ஏற்றுவது வீண்.

அடுத்து ஒளி. இலைப்பரப்பில் சதுர மீட்டருக்கு விநாடிக்கு 500 மைக்ரோமோலுக்கு (செடி பயன்படுத்தும் ஒளியை அளக்கும் அலகு) குறைவாக ஒளி விழுந்தால், சிலிண்டர் காசை விளக்குக்குச் செலவிடுங்கள். இதை அளக்கும் கருவி இல்லாதவர்கள் லக்ஸ் மீட்டரை வைத்து ஓரளவு கணிக்கலாம்: வெள்ளை எல்இடியாக இருந்தால் லக்ஸ் எண்ணை 70 ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கிடைக்கும். 35,000 லக்ஸ் என்றால் சுமார் 500. ஊதா நிற விளக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு நாளின் மொத்த ஒளி வேண்டுமானால் மைக்ரோமோலை மணி நேரத்தாலும் 0.0036 ஆலும் பெருக்குங்கள். லெட்டூஸுக்கு 250 மைக்ரோமோல் 16 மணி நேரம் எரிந்தால் 14.4 மோல் வரும், அது போதும். காய்க்கும் தக்காளிக்கு 20க்கு மேல் வேண்டும்.

மூன்றாவது வெப்பம். சாதாரணக் காற்றில் 24, 25 டிகிரியில் நன்றாக வளரும் செடி, 1,000 பிபிஎம்மில் 27 முதல் 29 டிகிரி வரை வேகமாக வேலை செய்யும். வாயுவை ஏற்றிவிட்டு அறையை 22 டிகிரியில் வைத்திருந்தால் பலனில் பாதி கிடைக்காது.

இலக்கு 900 முதல் 1,000 பிபிஎம். 1,200க்கு மேல் கிடைக்கும் கூடுதல் பலன் அற்பம், 1,500க்கு மேல் இல்லவே இல்லை என்று சொல்லலாம். 2,000ஐத் தாண்டினால் சில பயிர்களில் இலை வெளுத்து, ஓரம் கருகுவதும் உண்டு.

அறையின் ஓட்டையை அளப்பது

காற்றோட்டமுள்ள கூடாரத்தில் வாயு விடுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதுதான். கதவு விளிம்புக்கு ரப்பர் பட்டை, ஒயர் நுழையும் துளைகளுக்கும் சுவர் விரிசல்களுக்கும் சிலிகான், பயன்படாத குழாய்வாய்களுக்கு மூடி. இதற்குப் பிறகு அளந்து பாருங்கள்.

செடிகளை உள்ளே வைக்கும் முன் இதைச் செய்ய வேண்டும். ஒருவர் மீட்டரோடு உள்ளே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அவர் மூச்சே அறையை 1,300, 1,400 பிபிஎம்முக்கு ஏற்றிவிடும். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தி, வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருக்கும் பகுதி பாதியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 1,420 இருந்தது 920 ஆனால் கூடுதல் 1,000 பாதியாகி 500 ஆயிற்று. 0.69ஐ அந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்று தெரியும். 1 மணி 24 நிமிடம், அதாவது 1.4 மணி ஆனால் விடை 0.5. இது நல்ல அறை. விடை 2க்கு மேல் வந்தால் மறுபடி சிலிகான் துப்பாக்கியை எடுங்கள்.

அந்த எண்ணைக் கொண்டு செலவைக் கணக்கிடலாம். 20 டிகிரியில் ஒரு கிலோ கரியமில வாயு சுமார் 545 லிட்டர். நம் அறையை 400லிருந்து 1,000 பிபிஎம்முக்கு ஏற்ற 13 லிட்டர், அதாவது 24 கிராம் போதும். கசிவு 0.5 என்றால் மணிக்கு 12 கிராம் வெளியே போகும், செடி 9.5 கிராம் உண்ணும். 12 மணி நேர வெளிச்சத்துக்கு முதல் நிரப்பலையும் சேர்த்து 280 கிராம் சொச்சம். 10 கிலோ சிலிண்டர் 35 நாள் வரும். கசிவு 2 ஆனால் அதே சிலிண்டர் 14 நாள்தான். நிமிடத்துக்கு ஒரு முறை காற்றை மாற்றும் வெளியேற்று விசிறியை ஓடவிட்டால்? ஏழு மணி நேரம்.

வாயு எங்கிருந்து?

கட்டுப்பாடும் தூய்மையும் வேண்டுமானால் சிலிண்டர். மற்ற வழிகள் எல்லாம் ஏதோ ஒரு இடத்தில் காலை வாரும்.

சர்க்கரையும் ஈஸ்ட்டும்: ஒரு கிலோ சர்க்கரையிலிருந்து அதிகபட்சம் அரைக் கிலோ வாயு வரும், அதுவும் ஒன்று, இரண்டு வாரங்களாகப் பரவி. நாளுக்கு 280 கிராம் தேவைப்படும் அறைக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இரவும் பகலும் ஒரே மாதிரி வந்துகொண்டும் இருக்கும். சமையல் சோடாவும் வினிகரும்: 40 கிராம் சோடாவும் அரை லிட்டருக்கு மேல் வினிகரும் சேர்ந்து 21 கிராம் தரும், ஒரு மணி நேரத் தேவை, ஒரே நிமிடத்தில். தொங்கவிடும் காளான் பைகளிலும் அளவைக் கட்டுப்படுத்த முடியாது, போதாததற்குப் பூஞ்சை வித்துகள் வேறு.

எரிவாயு பர்னர் பெரிய பசுமைக்குடில்களுக்கானது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 3 கிலோ கரியமில வாயுவோடு 1.6 கிலோ நீராவியும் ஏகப்பட்ட சூடும் வரும். சுடர் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். எத்திலீன் மிகக் கொஞ்சம் கலந்தாலே தக்காளிப் பூ உதிரும், இலைக் காம்பு கீழே மடங்கும். வீட்டுக்குள் வேண்டாம்.

சிலிண்டரைத் திறக்கும் முன்

கரியமில வாயுவுக்கு நிறமில்லை, எச்சரிக்கும் வாசனையும் இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். பணியிடங்களில் 8 மணி நேர சராசரிக்கு வைக்கப்படும் வரம்பு 5,000 பிபிஎம். 40,000 என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்ட அளவு. நம் அறையில் 10 கிலோ சிலிண்டர் முழுவதும் கொட்டினால் 5,450 லிட்டர். அறைக்காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. உள்ளே நுழைபவர் சில மூச்சிலேயே சுருண்டு விழுவார். காப்பாற்றப் போகிறவரும் விழுவார்.

அதனால் இவற்றில் விட்டுக்கொடுக்க முடியாது. சிலிண்டர் நிலவறையிலோ, ஆட்கள் தூங்கும் அறையிலோ, அதை ஒட்டியோ இருக்கக் கூடாது. முடிந்தால் தோட்ட அறைக்கு வெளியே, காற்றாடும் இடத்தில் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். நிமிர்த்தி, சுவரோடு சங்கிலியால் கட்ட வேண்டும். சாய்ந்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் புகும், வால்வு உடைந்தால் சிலிண்டர் ராக்கெட்டாகும். வாயு அளவைப் பார்த்து வால்வைத் திறந்து மூடும் கன்ட்ரோலரின் சென்சாரை நம்பாமல் தனியாக ஓர் அலாரம், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள், 5,000 பிபிஎம்மில் அலறுமாறு. அது காட்டும் அளவு கதவுக்கு வெளியே தெரிய வேண்டும். அலறினால் உள்ளே போகாதீர்கள். வெளியே உள்ள சிலிண்டர் வால்வை மூடி, கதவைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள்.

மாட்டும் முறை

சிலிண்டர், ரெகுலேட்டர், வாயு ஓடும் வேகத்தைக் காட்டும் ஃப்ளோ மீட்டர், மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு, சென்சாரோடு கூடிய கன்ட்ரோலர், துளையிட்ட குழாய். பெரும்பாலும் ரெகுலேட்டரும் வால்வும் ஃப்ளோ மீட்டரும் ஒரே தொகுப்பாகவே கிடைக்கும். மின்சாரம் போனால் மூடிக்கொள்ளும் வகை வால்வாக இருக்க வேண்டும்.

1. ரெகுலேட்டர் மாட்டும் முன் வாஷரைப் பாருங்கள். நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் புதிய வாஷர் போடுவது நல்ல பழக்கம். டெஃப்லான் நாடா இங்கே சுற்றக் கூடாது, அந்த மூட்டு வாஷரால்தான் அடைகிறது.

2. வால்வை மெதுவாகத் திறந்து, எல்லா மூட்டிலும் சோப்பு நீர் தடவுங்கள். ஒரு குமிழி வந்தாலும் மூடிவிட்டு மறுபடி முறுக்குங்கள்.

3. ஃப்ளோ மீட்டரை நிமிடத்துக்கு 2 லிட்டரில் வையுங்கள். 10, 15 என்று திறந்துவிடும் ஆசை வரும், வேண்டாம். வேகமாக விட்டால் ரெகுலேட்டர் உறைபனி பிடித்து அடைபடும், சென்சார் உணர்வதற்குள் அளவு எகிறிவிடும். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் 2 லிட்டரில் அறை மணிக்கு 5,500 பிபிஎம் மட்டுமே ஏறும். அலாரம் அடிக்க அவகாசம் கிடைக்கும்.

4. துளையிட்ட குழாயைச் செடிகளின் உச்சிக்கு மேலே, சுழல் விசிறியின் காற்றுப் பாதையில் ஓட்டுங்கள். விசிறி நின்றால் வால்வும் நிற்குமாறு ஒரே இணைப்பில் கட்டுவது நல்லது.

5. கன்ட்ரோலரை 900இல் திறந்து 1,000இல் மூடுமாறு அமையுங்கள். விளக்கு எரியும்போது மட்டும் வேலை செய்ய வேண்டும். விளக்கு அணைவதற்கு அரை மணி முன்பே நிறுத்திவிடலாம். மிச்சத்தைச் செடி தின்னும். வெளியேற்று விசிறி ஓடும்போது வால்வு திறக்கவே கூடாது.

எல்லாம் சரியாக இருந்தால் வால்வு மணிக்கு மொத்தம் 6 நிமிடம்தான் திறந்திருக்கும். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு நாள் அது 15 நிமிடமானால் கதவு ரப்பர் விலகியிருக்கிறது, அல்லது சென்சார் பொய் சொல்கிறது.

மீதி வாயுவைப் பிரஷர் மீட்டர் காட்டாது. உள்ளே திரவம் இருக்கும்வரை 20 டிகிரியில் முள் 57 பாரிலேயே நிற்கும். அது இறங்கத் தொடங்கினால் திரவம் தீர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம்தான். எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காலி எடை சிலிண்டர் கழுத்தில் பொறித்திருக்கும். 31 டிகிரிக்கு மேல் திரவ நிலையே இல்லாமல் அழுத்தம் விறுவிறுவென ஏறும் என்பதால், விளக்குக்குப் பக்கத்திலோ வெயிலிலோ சிலிண்டரை வைக்காதீர்கள்.

சென்சார்தான் பலவீனமான கண்ணி

அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் என்டிஐஆர் வகை மட்டுமே வேலைக்கு ஆகும். மலிவு மீட்டர்களில் சில, வேறு வாயுக்களை முகர்ந்து கரியமில வாயுவை ஊகித்துச் சொல்பவை. சாம்பிராணிப் புகைக்கு 3,000 காட்டும். மீட்டரை முகத்துக்கு எதிரே பிடித்து ஊதிப் பாருங்கள்: எண் சட்டென எகிறினால் சரி. பிறகு பக்கத்தில் சானிடைசர் ஊற்றிய பஞ்சை வையுங்கள். அதற்கும் எகிறினால் அந்த மீட்டரை ஒதுக்குங்கள்.

இன்னொரு சிக்கல் தானியங்கித் திருத்தம். பல சென்சார்கள், கடந்த ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எண்ணி 400க்குத் திருத்திக்கொள்ளும். வீட்டு அறைக்கு இது பொருந்தும். பகலில் 1,000 ஏற்றி, இரவில் செடி மூச்சுவிட்டு 600, 700 என்று நிற்கும் மூடிய அறையில், சென்சார் அந்த 600ஐயே 400 என்று நினைத்துவிடும். வாரத்துக்கு வாரம் உண்மை அளவு ஏறிக்கொண்டே போகும், திரையில் மட்டும் 1,000. அமைப்பில் அதை அணைத்துவிட்டு, மாதம் ஒரு முறை திறந்தவெளியில் 20 நிமிடம் வைத்துக் கையால் திருத்துங்கள். அப்போது மீட்டர் மேல் மூச்சுவிடாமல் தள்ளி நிற்க வேண்டும். மூச்சில் 40,000 பிபிஎம் இருக்கிறது.

சென்சாரைச் செடி உச்சியின் உயரத்தில், விளக்கின் நேர் ஒளி படாமல், வாயுக் குழாயிலிருந்து எட்டத் தொங்கவிடுங்கள்.

மூடிய அறையில் ஈரம்

அறையை அடைத்தபின் உண்மையான தலைவலி ஈரப்பதம்தான். செடிக்கு ஊற்றும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கு மேல் இலை வழியே காற்றில் கலக்கிறது. நாளுக்கு 10 லிட்டர் ஊற்றினால், ஏசியும், காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையரும் சேர்ந்து ஏறக்குறைய 10 லிட்டரை வெளியே எடுத்தாக வேண்டும். டீஹியூமிடிஃபையர் பெட்டியில் போட்ட எண் பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்தது. உங்கள் அறையின் நிலையில் பாதிதான் இழுக்கும். அதன் சூட்டையும், விளக்கின் வாட் முழுவதையும் ஏசி சுமக்க வேண்டும். ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட் சூட்டை எடுக்கும். ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே சுற்றுவதால் வாயு வீணாகாது. ஒற்றைக் குழாய் வைத்த நகரும் ஏசி அறைக்காற்றை வெளியே தள்ளும். நீங்கள் காசு கொடுத்து விட்ட வாயுவும் அதோடு போகும்.

28 டிகிரியில் ஈரப்பதம் 60 முதல் 65 சதவீதம் இருக்கட்டும். இலை அறையைவிட ஒரு டிகிரி குளிர்ந்திருந்தால், 63 சதவீதத்தில் இலைக்கும் காற்றுக்கும் இடையேயான ஆவி அழுத்த வேறுபாடு 1.2 கிலோபாஸ்கல் வரும். வளர்ந்த செடிக்கு அது நல்ல இழுப்பு. நாற்றுக்கு அதில் பாதி போதும்: 25 டிகிரி, 75 சதவீதம்.

விளக்கு அணையும் நேரம்தான் ஆபத்து. 28 டிகிரி, 60 சதவீதம் உள்ள காற்று 20 டிகிரிக்கு இறங்கினால், ஒரு சொட்டு நீர் சேராமலே ஈரப்பதம் 97 சதவீதமாகும். இலையில் நீர் கோத்து, மறுநாள் சாம்பல் பூஞ்சைக்கு விருந்து. விளக்கு அணையும் முன்பே டீஹியூமிடிஃபையரை ஓடவிட்டு, இரவு வெப்பத்தை 22, 23க்குக் கீழே இறங்கவிடாமல் பிடியுங்கள்.

செடி காட்டும் அறிகுறிகள்

லெட்டூஸின் இளம் இலை நுனி கருகுவதும், தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுப்பதும் வாயு ஏற்றிய அறைகளில் அடிக்கடி வரும். கரியமில வாயு தாராளமாக இருந்தால் இலைத்துளை பாதி மூடிக்கொள்ளும், நீர் இழுப்பு குறையும். கால்சியம் நீரோடுதான் ஏறுகிறது. உரத்தில் கால்சியத்தைக் கூட்டுவதற்கு முன் ஈரப்பதத்தைக் குறைத்து, விசிறியைச் செடிக்குள் திருப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

முதிர்ந்த இலை வெளிறினால் நைட்ரஜன் போதவில்லை. வேகமாக வளரும் செடி உரமும் வேகமாகத் தின்னும். நீரில் வளர்ப்பவர்கள் தொட்டியின் ஈசி எண்ணை (கரைசலில் உரம் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்று காட்டும் மின்கடத்துத் திறன்) தினமும் பாருங்கள்: நீர் குறையும்போது ஈசியும் இறங்கினால் கரைசலைக் கெட்டியாக்குங்கள், ஏறினால் நீர்க்கச் செய்யுங்கள்.

வாயு ஏற்றியும் இரண்டு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால், சிலிண்டரை மூடிவிட்டு லக்ஸ் மீட்டரைக் கையில் எடுங்கள். அநேகமாக விளக்கு போதாது. அல்லது செடி உச்சியில் போதிய ஒளி இருந்து, ஒரு சாண் கீழே இருட்டாக இருக்கும். சென்சாரை ஒரு முறை செடிகளின் நடுவே இறக்கியும் பாருங்கள். உச்சியில் 1,000 காட்டும் அறையில் அடர்ந்த இலைகளுக்குள் 500 மட்டுமே இருந்தால், கூட்ட வேண்டியது வாயுவை அல்ல, இன்னொரு சிறிய விசிறியை.